மணியின் நாவும் மனிதனின் செவியும்

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று நோக்கிப் போகும் கரையோர வீதியில் முஸ்லிம் ஊர்களும் இந்து ஊர்களும் ஒரே நூலில் கோத்தவைபோல அடுத்தடுத்து வருகின்றன. சாய்ந்தமருதைக் கடந்தால் காரைதீவு, காரைதீவைக் கடந்தால் நிந்தவூர், அதற்கப்பால் ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை. பேசுவது ஒரே தமிழ். பிட்டும் தேங்காய்ப்பூவும் என்று கிழக்கிலே சொல்லிச் சொல்லிப் பழகிய உறவு. இந்த வீதியில் ஊர் மாறியதைக் கண்ணைவிடக் காது விரைவாக அறியும். சூரியன் வயற்பக்கம் இறங்கும் வேளையில் பாலமுனைப் பள்ளிவாசலில் மஃரிபுக்கு வாங்கு எழும். அதே அந்தியில் காரைதீவில் சாயரட்சைப் பூசைக்கு மணி அசையும். வாங்கு சொற்களால் ஆனது. இறைவன் மிகப் பெரியவன் என்கிறது, தொழுகைக்கு வாருங்கள் என்கிறது, வெற்றியின் பக்கம் வாருங்கள் என்கிறது. ஒவ்வொரு சொல்லையும் விளங்கிக்கொள்ளலாம். மணியிலோ சொல் ஏதும் இல்லை. ஆகவே வாங்கைக் கேட்டு வளர்ந்த ஒருவர் மணியைப் பற்றி நியாயமாகவே கேட்கக்கூடும்: அது என்ன சொல்கிறது, யாருக்குச் சொல்கிறது? மணியோசைக்குள்ளே வளர்ந்தவர்களிற் பலரும் இந்தக் கேள்வியின் முன் நின்று பதில் தேடியதில்லை. இக்கட்டுரை முன்வைக்கும் பதில் இது: கோயில் மணி எந்தச் செய்தியையும் சொல்வதில்லை; அது கேட்கப் பழக்குகிறது. சொல்லற்ற ஓசைக்குச் செவி கொடுக்கப் பழகிய மனிதன், சொல்ல வழியற்றவரின் முறையீட்டுக்கும் செவி கொடுக்கக் கடமைப்படுகிறான். மணியின் ஆன்மிகப் பொருள் இந்த இரண்டாவது படியிலேதான் நிறைவு பெறுகிறது.

வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கங்களை முதலில் எடுத்துக்கொள்வோம். பூசையின் தொடக்கத்தில் அர்ச்சகர் கைமணியை ஒலித்துச் சொல்லும் வடமொழிச் சுலோகம், தேவர்கள் வரவும் அரக்கர்கள் அகலவும் மணி அடிக்கப்படுவதாகக் கூறுகிறது. நைவேத்தியத்தின்போதும் தீபாராதனையின்போதும் அடிக்கும் மணி, காதில் விழக்கூடாத அபசப்தங்களை மூடி மறைக்கிறது என்பது மற்றொரு விளக்கம்; தாலி கட்டும் நேரத்துக் கெட்டிமேளத்துக்கும் இதே காரணத்தைத்தான் சொல்வார்கள். இவை இரண்டும் பழைமையானவை, மதிக்கத்தக்கவை. ஆனால் எங்கும் நிறைந்த கடவுளை ஓர் ஓசை எங்கிருந்து வரவழைக்கும்? இதைக் கேட்டுப் பார்த்தால் சுலோகத்தின் பொருள் உள்முகமாகத் திரும்பும். வர வேண்டியவர் ஏற்கெனவே கருவறையில் இருக்கிறார். வராமல் நிற்பது வணங்குபவரின் மனம். கடன், வழக்கு, பிள்ளையின் பரீட்சை, சந்தை விலை என்று வீதியிலேயே நின்றுவிட்ட அந்த மனத்தைத்தான் மணி உள்ளே அழைக்கிறது. அரக்கர்கள் என்று அது விரட்டுவதும் அந்த மனத்துக்குள் இரைந்துகொண்டிருப்பவற்றையே. அண்மைக் காலத்தில் இன்னொரு வகை விளக்கமும் பரவியிருக்கிறது. மணியோசை சரியாக ஏழு விநாடி நின்று உடலின் ஏழு சக்கரங்களைத் தொடுகிறதாம், மூளையின் இரு பக்கங்களையும் இணைக்கிறதாம், கிருமிகளைக் கொல்கிறதாம். ஒவ்வொரு மணியும் அதன் எடைக்கும் வார்ப்புக்கும் ஏற்ப ஒவ்வொரு கால அளவுக்கு ஒலிக்கும்; ஏழு என்ற கணக்கு எல்லா மணிக்கும் பொருந்தாது. வழிபாட்டுக்கு விஞ்ஞானச் சான்றிதழ் தேடி, விஞ்ஞானத்தில் இல்லாததைச் சொல்வது இரண்டுக்கும் செய்யும் அநீதி. மணிக்கு அந்த ஊன்றுகோல் தேவையில்லை. அதன் உண்மையான பௌதிகமே போதிய வியப்பைத் தருகிறது.

மணி வார்க்கும் வெண்கலத்தில் செம்பு ஏறத்தாழ நான்கு பங்கு, வெள்ளீயம் ஒரு பங்கு. வெள்ளீயம் இவ்வளவு கூடினால் உலோகம் நொறுங்கும் தன்மை பெறும். பாத்திரத்துக்கோ ஆயுதத்துக்கோ அது குறை. மணிக்கு அதுவே நிறை, ஏனென்றால் அந்தக் கலவை அதிர்வை எளிதில் விடுவதில்லை. நாக்கு விளிம்பிலே மோதும் கணத்தில் ஓர் ஓசை மட்டும் பிறப்பதில்லை. ஒன்றோடொன்று முழுதும் ஒட்டாத பல சுருதிகள் ஒன்றாகக் கிளம்புகின்றன. காதைச் சட்டென்று பிடிப்பவை உயர்ந்த, கூரிய சுருதிகள். அவையே முதலில் அடங்குகின்றன. பிறகு நடுத்தரமானவை அடங்கும். கடைசியில் அடியிலிருந்த ஒரே ஆழ்ந்த முழக்கம் மட்டும் நீண்டு, மெலிந்து, எப்போது முடிந்ததென்று சொல்ல முடியாதபடி மௌனத்திலே கரைகிறது. ஒரு கண்டாமணியின் கீழே கண்ணை மூடி நின்று கடைசி ரீங்காரம்வரை பின்தொடர்ந்தால், பலவாக இருந்தது ஒன்றாகி, ஒன்று இல்லாததாவதைக் காது நேராகவே அறியும். சைவசித்தாந்தம் இதே பாதையை எதிர்த்திசையிலே விளக்குகிறது. முப்பத்தாறு தத்துவங்களின் உச்சியில் அது வைப்பது நாதத்தை. சுத்தமாயையிலிருந்து தோன்றும் வாக்கு சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி என்று நான்கு படிகளில் இறங்கி, கடைசிப் படியான வைகரியில்தான் வாயிலிருந்து வெளிப்படும் சொல்லாகிறது. சொல் என்பது கீழே இறங்கிவந்த நாதம். மணியின் ரீங்காரமும் புறச்செவி கேட்கும் ஓசைதான், அதையே நாத தத்துவம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் எழுத்தாகவும் பொருளாகவும் பிரியாத ஓசையாக இருப்பதால் அது மேற்படிகளுக்கு ஓர் அடையாளம் ஆகிறது. சொல் ஏறிப்போக வேண்டிய திசையை அது காட்டுகிறது. சொல்லில்லாமை மணியின் குறை என்று கருதுபவர்களுக்கு இந்தத் தத்துவம் தரும் விடை இதுவே.

இந்தத் தத்துவத்தை ஏட்டிலன்றி நடைமுறையிலே காண, பாலமுனையிலிருந்து வெகுதூரம் போக வேண்டியதில்லை. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில், குருமண்வெளித் துறையிலிருந்து தோணியேறிப் போகும் மண்டூரில், முருகனுக்கு ஒரு பழைய கோயில் இருக்கிறது. சின்னக் கதிர்காமம் என்பது மக்கள் அதற்கு இட்ட பெயர். அங்கே ஆகம மந்திரங்கள் ஓதப்படுவதில்லை. பூசை செய்யும் கப்புகனார் வெள்ளைத் துணியால் தம் வாயைக் கட்டிக்கொண்டு திரைக்கு அப்பாற் செல்கிறார். கதிர்காமத்திலும் வடக்கே தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலும் இதே முறைதான். வாய்கட்டிப் பூசை என்றே அதற்குப் பெயர். வெளியே நிற்கும் அடியாருக்கு மூர்த்தி தெரியாது, மந்திரம் கேட்காது. அவருக்கும் உள்ளே நடப்பதற்கும் இடையே இருக்கும் ஒரே தொடர்பு மணியோசை. மணி ஒலிக்கும்போது கைகள் தலைக்குமேல் குவிகின்றன, அரோகரா என்ற குரல் எழுகிறது. ஆகமக் கோயில்களில் மணி மந்திரத்துக்குத் துணை என்று ஒருவர் வாதிடலாம்: மந்திரமே முதன்மை, மணி அதற்கு அலங்காரம் என்று. மண்டூர் அந்த வாதத்தை ஏற்கவில்லை. மனிதனின் நாவைக் கட்டிவிட்டு, மணியின் நாவை மட்டும் அவிழ்த்துவிட்ட வழிபாடு அது. சொல் முழுவதும் விலகிய பிறகும் வழிபாடு குறைவுபடாமல் நிற்கிறதென்றால், மணி செய்யும் பணி சொல்லின் பணிக்குத் துணையானது என்று மட்டும் சொல்லி நிறுத்த முடியாது. அது தனக்கென்று ஒரு பணி உடையது: சொல் போக முடியாத இடத்தில் கவனத்தைக் கொண்டுபோய் நிறுத்துவது.

தெற்கே மண்டூர் என்றால் வடக்கே திருவேங்கடமாகிய திருமலை இதன் மறுபாதியைச் சொல்கிறது. 1268இல் காஞ்சிபுரத்தின் தூப்புலில் பிறந்த வேதாந்த தேசிகர் திருவேங்கடமுடையானின் திருமணியே மனிதவடிவில் வந்தவர் என்பது வைணவர் நம்பிக்கை. அதனாலேயே அந்தக் கருவறைக்குள் கைமணி ஒலிப்பதில்லை; முன்மண்டபத்தில் தொங்கும் பெரிய மணிகளே ஒலிக்கின்றன என்பார்கள். மண்டூரில் சொல் அடங்கி மணி பேசுகிறது. திருமலையில் மணி ஓர் ஆசாரியராகித் தமிழிலும் வடமொழியிலும் சொல்லாகப் பெருகிவிட்டதால் கருவறையில் மணி அடங்கியிருக்கிறது. இரு மரபும் மணியையும் சொல்லையும் ஒரே ஊற்றின் இரு ஓட்டங்களாகக் கண்டிருக்கின்றன. திருமூலர் இன்னும் உள்ளே செல்கிறார். யோகத்தில் ஆழ்ந்தவன் தன்னுள்ளே கேட்கும் பத்து ஓசைகளைத் திருமந்திரம் வரிசைப்படுத்தும்போது கடல், யானை, குழல், மேகம், வண்டு, சங்கு, யாழ் முதலியவற்றுக்கெல்லாம் முன்னே நிற்பது மணி. இதைப் படிக்கும் பாலமுனைவாசி ஒருவருக்கு வேறொரு நினைவு வரக்கூடும். இறைச்செய்தி தங்களுக்கு எவ்வாறு வருகிறது என்று கேட்கப்பட்டபோது, சில வேளைகளில் அது மணியோசைபோல வரும், அதுவே தமக்கு மிகக் கடினமானது என்று நபிகள் நாயகம் கூறியதாக ஸஹீஹுல் புகாரியின் தொடக்கத்திலேயே ஒரு நபிமொழி இருக்கிறது. அந்த ஓசை நின்றபின் அதன் பொருள் உள்ளத்தில் பதிந்திருக்கும் என்றும் அது சொல்கிறது. இரண்டையும் ஒன்றென்று குழப்பக்கூடாது. யோகியின் அனுபவம் வேறு, நபித்துவம் வேறு. ஆனால் இரண்டு பெரிய மரபுகளும் சொல்லாவதற்கு முந்திய ஒன்றைக் குறிக்க உலகத்து ஓசைகளில் உவமை தேடியபோது மணியிடம் வந்து நின்றிருக்கின்றன. மணியோசை எப்படிப்பட்டது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சியம் வேண்டுமா?

இதுவரை சொன்னவை மணி கவனத்தைக் கூட்டும் என்பதற்குச் சான்று. கூட்டிய கவனத்தை என்ன செய்வது என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. அதற்கு விடை தரும் மணி ஒன்று கோயிலில் தொங்கியதல்ல. அநுராதபுரத்தில் ஓர் அரசனின் கட்டில் தலைமாட்டில் தொங்கியது. சோழ நாட்டிலிருந்து வந்து 44 ஆண்டுகள் ஆண்ட எல்லாளன், நீதி வேண்டுபவர் எவரும் இழுக்கலாம் என்று அந்த மணிக்கு நீண்ட கயிறு கட்டியிருந்ததாக மகாவம்சம் சொல்கிறது. எல்லாளனை வென்ற துட்டகைமுனுவைக் காவிய நாயகனாக்கிய பௌத்த நூல் அது. தோற்ற பக்கத்து அரசனின் மணியை அது மறைக்கவில்லை. யார் யார் அந்தக் கயிற்றை இழுத்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. இளவரசனின் தேர்ச்சக்கரத்தில் கன்றைப் பறிகொடுத்த பசு. பாம்புக்குக் குஞ்சை இழந்த தாய்ப்பறவை. காயவைத்த நெல்லைக் காலந்தப்பிய மழை கெடுத்ததால் கலங்கிய கிழவி. சபையில் பேச நாவில்லாதவர்கள் இருவர். நாவிருந்தும் சபை ஏறாதவர் ஒருவர். அவர்களுக்கு மணி நாவாயிற்று. தமிழ்நாட்டில் இதே கதை திருவாரூர் மனுநீதிச் சோழன்மேல் நிற்கிறது. பெரியபுராணம் அதை விரித்துப் பாடுகிறது. சிலப்பதிகாரத்தில் பாண்டியன் முன் நின்று தன் ஊரைச் சொல்லவந்த கண்ணகி, அந்தச் சோழனையே எடுத்துக்காட்டுகிறாள். அங்கே இளங்கோ வாயிலில் தொங்கும் மணியையும் பசுவின் கண்மணியையும் ஒரே சொல்லாற் சுட்டுவது தற்செயலன்று. ஓசை தருவதும் மணி, ஒளி தருவதும் மணி, பார்ப்பதும் மணி. கடிகாரத்தை மணிக்கூடு என்றழைக்கும் இலங்கைத் தமிழில் காலமும் மணிதான். கேட்டலும் பார்த்தலும் காலம் தவறாமையும் ஒரு சொல்லில் கூடியிருக்கின்றன; நீதிக்கு வேண்டியவையும் இவை மூன்றுமே. வைகாசியில் கண்ணகிக்குக் குளிர்த்தி நடத்தி, அவள் வழக்குரைத்த கதையைப் பாடிக் கேட்கும் காரைதீவு முதலான ஊர்களில் இந்தத் தொடர்பு இன்னும் உயிரோடிருக்கிறது.

இங்கிருந்து கோயில் வாசலுக்குத் திரும்புவோம். அடியார் ஒருவர் கையை உயர்த்தி மணியின் கயிற்றைப் பற்றுகிறார். அந்தக் கணத்தில் அவர் பசுவின் இடத்தில் நிற்கிறார்; என்னைக் கேள் என்று முறையிடுகிறார். ஓசை எழுந்து அவர் தலைக்குமேலே விரிந்து அவர் காதிலேயே இறங்குகிறது. அப்போது அவர் அரசனின் இடத்துக்கு மாறுகிறார், கேட்கவேண்டியவர் ஆகிறார். முறையிடுபவரும் முறையீட்டைக் கேட்பவரும் ஒரே ஆளாவது கோயில் மணியில் மட்டும் நேர்வது. எல்லாளனின் ஆராய்ச்சி மணியில் கயிறு ஒரு பக்கம், காது மறுபக்கம். கோயில் மணியில் இரண்டுக்கும் இடையே ஒரு முழம்கூட இல்லை. இறைவா, என் குறையைக் கேள் என்று அடித்தவர், அந்த ரீங்காரம் அடங்குமுன் தன்னிடம் குறை சொல்ல நிற்பவர் யார் என்று நினைத்துப் பார்க்காமல் திரும்பினால், பாதி வழிபாட்டோடு திரும்பியவர் ஆகிறார்.

இதற்கு எதிராக எழும் முதற் கேள்வி, இந்து மரபுக்குள்ளிருந்தே வருவது. இறைவன் அகத்தில் இருக்கிறான் என்றால் புறத்தில் மணி எதற்கு? சித்தர்கள் இதைக் கடுமையாகவே கேட்டார்கள். காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் மென்மையாகக் கேட்டார். ஈசன் உவக்கும் மலர்கள் எவையென்று தேடிய அவருடைய புகழ்பெற்ற பாடல், தோட்டத்துப் பூக்களைக் கடந்து உள்ளத்தையும் கூப்பிய கரங்களையும் நோக்கும் விழிகளையும் மலர்களாகக் காட்டி முடிகிறது. பூவுக்கு இந்த விதி என்றால் மணிக்கும் அதுதானே என்பது நியாயமான வாதம். ஆனால் அதே விபுலாநந்தர் பழந்தமிழரின் யாழ் எப்படி ஒலித்தது என்று கண்டறியப் பல ஆண்டுகளைச் செலவிட்டு, சுருதிகளைக் கணக்கிட்டு, 1947இல் யாழ்நூலை வெளியிட்டார். அதே ஆண்டில் மறைந்தார். அகமலரைப் போற்றிய துறவி புற ஓசைக்கு வாழ்நாளில் ஒரு பெரும் பகுதியைக் கொடுத்ததில் முரண்பாடு இல்லை. அகம் என்பது வெளியே எதையும் தொடாத பெட்டகமன்று. கண், காது, கை என்ற வாசல்களின் வழியேதான் அது திறக்கிறது, மூடுகிறது. விழி மலராகலாம் என்றால் செவியும் மலராகலாம்; அது மலரும் பொழுதை மணி அறிவிக்கிறது. உள்ளே எப்போதும் விழிப்போடிருப்பவருக்கு மணி தேவையில்லை என்பதை ஒப்புக்கொள்ளலாம். அப்படிப்பட்டவர்கள் ஊருக்கு எத்தனை பேர்? மற்ற நம் எல்லோருக்காகவும்தான் மணி தொங்குகிறது.

இரண்டாவது கேள்வி அயலிலிருந்து வருகிறது, அதை இந்தக் கரையில் ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. மதீனாவில் தொழுகைக்கு மக்களை எப்படி அழைப்பது என்று ஆலோசித்தபோது மணியும் பேசப்பட்டது, கொம்பும் பேசப்பட்டது. முடிவிலே தெரிவு செய்யப்பட்டது மனிதக் குரல், நபித்தோழர் பிலாலின் குரல். பயணக்கூட்டத்தில் மணியை விரும்பாத நபிமொழிகளும் உண்டு. ஆகவே ஒரு முஸ்லிம், மணியை என் வணக்கத்துக்குரிய கருவியாக ஏற்கமாட்டேன் என்றால், அவர் தம் மரபுக்கு உண்மையாக இருக்கிறார். அவரை ஏற்கச்செய்வது இக்கட்டுரையின் நோக்கமுமன்று. இங்கே பார்க்கவேண்டியது, அந்தத் தெரிவு மணியின் இயல்பைப் பற்றி என்ன சொல்கிறது என்பது. வாங்கு ஒரு சாட்சியம். சாட்சியத்துக்குச் சொல் வேண்டும். யார், எதை, எவன்முன் உறுதிகூறுகிறார் என்பது தெளிவாக இருக்க வேண்டும். உலோகம் சாட்சி சொல்லாது, மனிதன்தான் சொல்ல வேண்டும். அந்தத் தர்க்கம் முழுமையானது. மணியின் தர்க்கம் வேறு. அது சாட்சியத்துக்கு முன்னே வரவேண்டிய மௌனத்தை உண்டாக்குகிறது. ஒன்று நெஞ்சில் உறுதியை வைக்கிறது. மற்றொன்று அதற்கான இடத்தைத் துடைத்துவைக்கிறது. வாங்கைக் கேட்கும்போது கதையை நிறுத்தி அதன் சொற்களைத் தாமும் மெல்லத் திருப்பிச் சொல்லும் முஸ்லிமும், மணி கேட்டதும் வீதியிலேயே செருப்பைக் கழற்றிக் கைகூப்பும் இந்துவும் செய்வதில் ஓர் ஒற்றுமை உண்டு. இருவரும் தம் பேச்சை இடையிலே விட்டுவிடுகிறார்கள். தன் பேச்சை நிறுத்தத் தெரிந்தவன்தான் பிறர் பேச்சைக் கேட்க முடியும். இரு ஊர்கள் அருகருகே வாழ அடிப்படையும் அதுவே.

மூன்றாவது கேள்வி எல்லாவற்றிலும் கனமானது. மணி எல்லாரையும் அழைக்கிறது என்கிறோம். கோயில் எல்லாருக்கும் திறந்திருந்ததா? 1968இல் யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில், ஒடுக்கப்பட்ட சாதியினர் உள்ளே வந்து வணங்கும் உரிமை கேட்டுப் போராடினார்கள். வாசல் மறிக்கப்பட்டது, அந்த மறிப்பின் வடு நம் வரலாற்றில் இன்னும் இருக்கிறது. அந்த வாசலுக்கு வெளியே நின்றவர்களின் காதிலும் மணியோசை விழுந்தது. மதில் மனிதரைத் தடுத்தது, ஓசையைத் தடுக்கவில்லை. மணி அழைத்தது, கதவு மறுத்தது. இதைக் காட்டி, மணியின் ஆன்மிகம் வெறும் அலங்காரப் பேச்சு என்று ஒருவர் சொன்னால், அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நியாயம் தோண்டிக்காட்டுவது மணியின் பொய்யையன்று. மணி அடித்தும் கேட்காதிருந்தவர்களின் செவிட்டுத்தன்மையை. எல்லாளனின் மணியை இழுத்த பசுவை, நீ எந்தக் கொட்டிலைச் சேர்ந்தாய் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த மணியை இன்று எவரும் நினைத்திருக்கமாட்டார்கள். மணியின் பொருளைக் கவனக் குவிப்பு என்ற அளவில் நிறுத்திக்கொள்பவர்கள் மாவிட்டபுரத்துக்குப் பதில் சொல்ல முடியாது. கதவை மூடியவர்களும் உள்ளே நல்ல கவனத்தோடுதான் கைகூப்பியிருப்பார்கள். கேட்டல் கடமையாக மாறும் இரண்டாவது படியை மணியோசையின் பகுதியாகவே கொள்ள வேண்டும் என்று இக்கட்டுரை வற்புறுத்துவதற்கு இதுவே காரணம்.

கடைசியாக, ஓசை தொல்லையாகும் நிலை. இலங்கை உயர்நீதிமன்றம் 2007இல் ஒலிபெருக்கிப் பாவனையை இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை கட்டுப்படுத்தியது. அதன் பின்னால் இருந்த கேள்வி எல்லா மதத்துக்கும் பொதுவானது. என் வழிபாட்டின் ஓசை நோயாளியின் தூக்கத்தைக் கெடுக்கலாமா? கூடாது என்பதற்குச் சட்டத்துக்கு வெகுமுன்பே தமிழில் சான்று இருக்கிறது. அகநானூற்றின் நான்காம் பாட்டில், காட்டுவழியே தேரில் திரும்பும் தலைவன், பூவில் தேனுண்ணும் வண்டுகள் கலங்குமே என்று தன் தேர்மணிகளின் நாவைக் கட்டிவிடுகிறான். விரைந்து வீடு சேர ஆசைப்படுபவன் அவன்; தன் வருகையை மணி முழங்கவேண்டும் என்ற விருப்பமும் இருந்திருக்கும். ஆனாலும் வண்டுக்காக அடக்குகிறான். மணியை எப்போது அடிப்பது என்று அறிவது போலவே எப்போது கட்டுவது என்று அறிவதும் மணியின் அறம். இந்த அளவுகோலால் இன்னொன்றையும் அளக்கலாம். பல கோயில்களில் இன்று மின்விசை போட்டால் தானே மேளத்தையும் மணியையும் அடிக்கும் இயந்திரங்கள் வந்துவிட்டன. ஆள் கிடைப்பதில்லை என்ற நிர்வாகத்தின் இடர் உண்மையானது. ஆனால் அந்த இயந்திரத்தில் கயிறு இல்லை. பசுவின் இடத்தில் நிற்க ஆளில்லை. இரைச்சல் நிறைந்து வழிய, ரீங்காரம் அடங்கும் அந்த மெல்லிய இறுதிக்கு நேரமே கிடைப்பதில்லை. அர்ச்சகர் இடக்கையில் கைமணியையும் வலக்கையில் தீபத்தையும் ஏந்தி, சுடரின் அசைவுக்கு ஓசையை இணைக்கும்போது கண்ணும் காதும் ஒரே இடத்தில் நிற்கின்றன. நந்தியைக் கைப்பிடியில் தாங்கிய அந்தச் சிறு வெண்கலம் செய்யும் வேலையை எவ்வளவு பெரிய இயந்திரமும் செய்யாது. ஊரில் ஒரு சிறுவனையோ முதியவரையோ அழைத்துக் கயிற்றைக் கையிற் கொடுப்பது அதைவிட நல்ல வழி.

மணி தமிழில் ஒரு மதத்துக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை என்பதை உலகின் ஒரு கோடியில் ஒரு பொருள் சொல்லிக்கொண்டிருக்கிறது. நியூசிலாந்தில் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வில்லியம் கொலன்சோ என்ற மதப்பணியாளர், மாவோரி மக்கள் உருளைக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்த ஒரு வெண்கலப் பாத்திரத்தைக் கண்டார். கவிழ்த்துப் பார்த்தால் அது ஒரு கப்பல் மணி. அதன் விளிம்பைச் சுற்றித் தமிழெழுத்து. முகைதீன் பக்ஸ் என்பவரின் கப்பலுடைய மணி என்பது அதன் பொருள். அது எந்தத் துறையிலிருந்து கிளம்பியது, எந்தப் புயலில் சிதறியது என்று எவருக்கும் தெரியாது. வெலிங்டன் நகரின் தே பாப்பா அருங்காட்சியகத்தில் இப்போது இருக்கிறது. தமிழ் முஸ்லிம் ஒருவரின் பெயரைத் தமிழில் சுமந்த அந்த மணி நாக்கை இழந்ததும் வெறும் பாத்திரமாயிற்று. அதை அவித்துண்ணப் பயன்படுத்தியவர்களிடம் குற்றமில்லை. அது என்னவென்று அவர்களுக்குச் சொல்ல ஆளிருக்கவில்லை. நம்மிடம் சொல்ல ஆளிருக்கிறது. மண்டூரின் கட்டிய வாயும் எல்லாளனின் கயிறும் வண்டுக்காகக் கட்டிய நாவும் நம் கையெட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. அவற்றை மறந்து மணியை அடிப்பவர்களுக்கும் அது வெறும் பாத்திரமே. நினைத்து அடிப்பவர் கயிற்றை விட்ட பிறகு சற்று நிற்பார். உயர்ந்த சுருதிகள் அடங்க, ஆழ்ந்தது மட்டும் எஞ்சி, அதுவும் கரையும்வரை நிற்பார். வாசலில் அவருக்காகக் காத்திருப்பவரின் குரல் அதன் பிறகு அவருக்குக் கேட்கும்.